கஞ்சி வடிக்காத பாஸ்தா: ஒரே பாத்திரத்தில் கிரீம் சிக்கன் பாஸ்தா

பாஸ்தாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமையல் முறை, நம் வீடுகளில் சோறு வடிக்கும் முறையேதான். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, வேகவிட்டு, பதம் பார்த்து, வடிதட்டில் கொட்டிவிடுவார்கள். அதோடு சேர வேண்டிய சாறு பக்கத்து அடுப்பில் தனியாகத் தயாராகும். ஒரே பாத்திரத்தில் செய்யும் பாஸ்தாவோ பொங்கலுக்கு உறவு. ஊற்றிய நீரில் ஆவியாவது போக மீதி எல்லாம் பாத்திரத்திலேயே தங்கிவிடுவதால், இங்கே தண்ணீரின் அளவுதான் சமையலின் பாதி.

கிரீம் பாஸ்தாவின் வழவழப்பு கிரீமால் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதன்முறை செய்தபோது ஒரு முழுப் பொட்டலம் கிரீமை ஊற்றிப் பெரிய தீயில் கொதிக்கவிட்டேன். மேலே எண்ணெய் மிதந்தது. கீழே வெள்ளைத் துகள்கள் திரிந்து கிடந்தன. சாற்றைக் கெட்டியாக்கி வழவழப்பாக்குவது பாஸ்தா விடும் கஞ்சி. வேகும்போது பாஸ்தாவின் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பி, ஒரு பகுதி கரைந்து வெளியே வருகிறது. அதுவே நீரைத் தடிக்கச் செய்து, வெண்ணெய், கிரீம், சீஸ் ஆகியவற்றின் கொழுப்பு பிரிந்து மேலே மிதக்காமல் நீரோடு பிணைத்து வைக்கிறது. ரோம் நகரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரெடோ டி லேலியோ என்ற உணவகக்காரர் பெயர்பெறச் செய்த ஆல்ஃபிரெடோ பாஸ்தாவில் கிரீமே கிடையாது. வெண்ணெய், பார்மெசான் சீஸ், பாஸ்தா வெந்த நீர் ஆகியவை மட்டுமே. அந்த உணவு அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் அதில் கிரீமும் கோழிக்கறியும் சேர்ந்தன. பாஸ்தாவோடு கோழியைக் கலப்பது இத்தாலியர்களுக்கு இன்றும் அவ்வளவு பழக்கமான செயலன்று. எனவே, இந்தச் சமையலை இத்தாலியச் சமையல் என்று சொல்லிக்கொள்ளாமல், அமெரிக்க வீட்டுச் சமையல் என்று ஏற்றுக்கொண்டு தொடங்குவதே நேர்மை.

நான்கு பேருக்கான அளவு இது. எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி 400 கிராம், குழாய் வடிவப் பென்னே பாஸ்தா 250 கிராம், தண்ணீர் அல்லது கோழி எலும்பு வேகவைத்த சாறு 600 மில்லி, காய்ச்சிய பால் 150 மில்லி, கிரீம் 100 மில்லி, துருவிய சீஸ் 50 கிராம். இவற்றோடு ஒரு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி உலர்ந்த ஆரிகானோ, ஒரு சிட்டிகை துருவிய ஜாதிக்காய், இரண்டு கைப்பிடி நறுக்கிய பாலக்கீரை, கடைசியில் பிழிவதற்கு அரை மூடி எலுமிச்சம்பழம் ஆகியவை வேண்டும். பாத்திரம் அடி கனமானதாகவும், உயரத்தைவிட அகலம் மிகுந்ததாகவும் இருக்கட்டும். பாஸ்தா இரண்டு விரற்கடைக்கு மேல் குவியாமல் பரவலாகக் கிடந்தால்தான் இவ்வளவு குறைந்த நீரில் எல்லாத் துண்டுகளும் ஒரே சமயத்தில் வேகும். ஒடுங்கிய குண்டானில் அடியில் இருப்பது குழைந்து, மேலே இருப்பது விறைப்பாகவே நிற்கும்.

பாஸ்தா வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். டியூரம் கோதுமை ரவையில் செய்தது என்று போட்டிருந்தால், கலங்காமல் வாங்கலாம். டியூரம் கடினமான கோதுமை. அதன் புரதம் மாவுச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால், பாஸ்தா கஞ்சியை அளவாக விட்டு, வடிவம் கெடாமல் வேகிறது. இத்தாலியில் 1967-இல் வந்த சட்டம், உலர்ந்த பாஸ்தாவை டியூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்றே விதித்தது. மைதாவில் செய்த மலிவான பாஸ்தாவை, நிறைய நீரில் வேகவைத்து வடிப்பவர்கள் ஒருவாறு சமாளித்துவிடலாம். இந்த முறையில் அது கூழாகிவிடும். வடிவத்தில் பென்னேயோ, திருகு வடிவ ஃபுசில்லியோ நல்லது. நூல்போல் நீண்ட ஸ்பகெட்டியைத் தவிர்த்துவிடுங்கள், சிறிய பாத்திரத்தில் அது முழுவதும் நீரில் அமிழாமல் கற்றையாக ஒட்டிக்கொள்ளும்.

கோழிக்கறியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியே இதற்கு ஏற்றது. தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதல் என்பதால், வறுத்தபின் பாஸ்தாவோடு மீண்டும் வெந்தாலும் மென்மை கெடுவதில்லை. நெஞ்சுக்கறி அதே நேரத்தில் நார்நாராகக் காய்ந்துவிடும். நெஞ்சுக்கறிதான் கிடைத்தது என்றால், வறுத்தவுடன் எடுத்து வைத்துவிட்டுக் கடைசி மூன்று நிமிடங்களில் திரும்பச் சேர்க்க வேண்டும். கறியைத் திறந்த குழாய்க்கடியில் பிடித்துக் கழுவினால் கிருமிகள் தெறித்து மேடையெங்கும் பரவும். கழுவாமல் மனம் ஒப்பவில்லையென்றால் ஒரு கிண்ணத்து நீரில் மெதுவாக அலசி, பிறகு கழுவுதொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். அதற்கு மேல் முக்கியமானது, கறியைத் துணியாலோ தாளாலோ ஒற்றி ஈரமே இல்லாமல் செய்வது. ஈரமான கறி சட்டியில் விழுந்தால் அந்த நீர் ஆவியாகும்வரை வேகுமே தவிர வறுபடாது. வறுபடாத கோழியிலிருந்து இந்தச் சாற்றுக்கு எந்தச் சுவையும் வராது. ஒற்றிய கறியை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்பும் பாதி மிளகுத்தூளும் பிசறிப் பத்து நிமிடம் வைத்திருங்கள். அந்த இடைவெளியில் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, பூண்டைத் தட்டி, சீஸைத் துருவி, பாலையும் கிரீமையும் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடலாம்.

பாத்திரத்தை நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் வைத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு, கறித்துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்ப வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாகப் போடுங்கள். போட்டபின் மூன்று நிமிடத்துக்குக் கரண்டியைத் தொடக்கூடாது; கிளறிக்கொண்டே இருக்கும் நம் கைப்பழக்கம் இந்த ஓரிடத்தில் கெடுதல் செய்கிறது. அடிப்பக்கம் நன்கு சிவந்த துண்டு தானாகவே பாத்திரத்தை விட்டு விலகும். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம் வறுத்து, ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். உள்ளே வெந்திருக்க வேண்டியதில்லை. அது பின்னால் நடக்கும்.

இப்போது பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். கறி ஒட்டியிருந்த இடமெல்லாம் பழுப்பு நிறப் படிவு இருக்கும். அதைத் தீய்ந்துவிட்டது என்று எண்ணிக் கழுவப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கறுத்திருந்தால்தான் தீய்ந்தது, பழுப்பாக இருந்தால் அது சாற்றின் உயிர். தீயைக் குறைத்து, அதன்மேல் வெண்ணெயைப் போட்டு வெங்காயத்தைக் கொட்டினால், வெங்காயம் விடும் நீரிலேயே அந்தப் படிவு இளகத் தொடங்கும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் பூண்டையும் ஆரிகானோவையும் சேர்த்து, பூண்டின் மணம் எழும்வரை மட்டும், ஏறக்குறைய ஒரு நிமிடம், வதக்குங்கள். பிறகு 600 மில்லி சூடான நீரையோ சாற்றையோ ஊற்றி, மரக்கரண்டியால் அடியை நன்றாகச் சுரண்டிவிடுங்கள். சற்று முன்வரை தெளிவாக இருந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறுவதைக் கண்ணால் காணலாம்.

உப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வடிக்கும் முறையில் தாராளமாக உப்புப் போடுவார்கள். பெரும்பகுதி நீரோடு போய்விடும். இங்கே போட்டது அத்தனையும் தட்டுக்கு வரும். கறியில் ஏற்கெனவே அரைத் தேக்கரண்டி இருக்கிறது. பின்னால் வரப்போகும் சீஸிலும் உப்பு உண்டு. ஆகவே நீரில் கால் தேக்கரண்டி போதும். கடையில் விற்கும் சிக்கன் ஸ்டாக் கட்டியைக் கரைப்பதாயிருந்தால் அதுவும் வேண்டாம்; அந்தக் கட்டியில் பெரும்பங்கு உப்புதான்.

நீர் தளதளவெனக் கொதித்ததும் பாஸ்தாவைக் கொட்டி, எல்லாத் துண்டுகளும் அமிழும்படி கரண்டியால் அழுத்திவிட்டு, தீயை நடுத்தரத்துக்குக் கீழே இறக்கி, மூடியைச் சற்றே சாய்த்து வைத்து மூடுங்கள். முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளற வேண்டும். பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டுவது இந்த நேரத்தில்தான். அதன்பின் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அடியைத் தொட்டுக் கிளறினால் போதும். ஏழாவது நிமிட அளவில் நீர் பாதிக்குமேல் வற்றி, மீதமிருப்பது மெல்லிய கஞ்சிபோல் கலங்கித் தெரியும். அப்போது பாலைச் சூடாக்கி ஊற்றி, எடுத்து வைத்த கறியை, தட்டில் வடிந்திருக்கும் சாற்றோடு சேர்த்துப் போடுங்கள். பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றாததற்குக் காரணம் உண்டு: நீண்ட நேரம் கொதிக்கும் பால் பொங்கி வழியும், அடியும் பிடிக்கும். குக்கரில் ஒரு விசில் விட்டால் வேலை முடியாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கஞ்சி நுரைத்து ஆவித்துளையை அடைக்கக்கூடும் என்பது ஒருபுறம் இருக்க, மூடியைத் திறந்து பதம் பார்க்க முடியாத பாத்திரம் பாஸ்தாவுக்கு உதவாது.

பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்தைவிட இந்த முறையில் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகவே ஆகும். கடிகாரத்தை நம்பாமல், பத்தாவது நிமிடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே கடித்து, கடித்த முகத்தைப் பாருங்கள். குழாயின் சுவருக்கு நடுவே மெல்லிய வெள்ளை வளையம் தெரிந்தால் அங்கே மாவு இன்னும் பச்சையாக இருக்கிறது. அந்த வளையம் நூலளவு மெலிந்து, மறையப் போகிறது என்னும் நிலையில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிச்சம் சொச்சம் பாத்திரத்தின் சூட்டிலேயே வெந்துவிடும். அதற்குள் நீர் வற்றிவிட்டால் கால் குவளை வெந்நீர் ஊற்றலாம். பாஸ்தா வெந்தும் நீர் மிகுந்திருந்தால், மூடியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் தீயைக் கூட்டலாம். கறியில் பெரிய துண்டு ஒன்றைப் பிளந்து, உள்ளே இளஞ்சிவப்பு இல்லை, வழியும் சாறு தெளிவாக இருக்கிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அடையாளம் 74 டிகிரி செல்சியஸ்.

கிரீம், சீஸ் இரண்டும் அடுப்பை அணைத்த பிறகே சேர வேண்டும். நம் கடைகளில் பிரெஷ் கிரீம் என்று கிடைப்பதில் கொழுப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு. கொழுப்பு குறையக் குறைய, கொதியிலும் புளிப்பிலும் கிரீம் திரியும் வாய்ப்பு கூடும். ஆகவே கிரீமை ஒரு கிண்ணத்தில் எடுத்து, பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி சூடான சாற்றை அதில் கலந்து, அதன் குளிர்ச்சியைப் போக்கிய பின் ஊற்றுங்கள். அடுத்து சீஸை ஒரேயடியாகக் கொட்டாமல், மூன்று முறையாகத் தூவிக் கிளறுங்கள். பார்மெசான் போன்ற முதிர்ந்த சீஸ் கொதிக்கும் சாற்றில் விழுந்தால், அதன் புரதம் சுருங்கித் திரண்டு கரண்டியில் கட்டியாக ஒட்டும். துருவியே விற்கப்படும் பொட்டலங்களில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் கலந்திருப்பதால் அவை அவ்வளவு சீராக உருகுவதில்லை. கட்டி கட்டியாக வரும் சாதாரணப் பதப்படுத்திய சீஸைச் சிலர் ஏளனமாகப் பார்ப்பார்கள்; அதில் சேர்க்கப்படும் உப்பு வகைகள் கொழுப்பைப் பிரியவிடாமல் காப்பதால், புதிதாகச் செய்பவர்களுக்கு அது கைகொடுக்கும். சுவையில் பார்மெசானுக்கு ஈடில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாலக்கீரையை இப்போது சேர்த்துக் கிளறினால் சூட்டிலேயே துவண்டுவிடும். ஜாதிக்காயும் மீதி மிளகுத்தூளும் போட்டு, மூடி வைத்து நான்கு நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். கரம் மசாலாவையோ மிளகாய்த்தூளையோ தூவும் ஆசை எழுந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பாலின் இனிப்பையும் வறுத்த கறியின் மணத்தையும் அவை மூடிவிடும். காரம் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் மிளகு இடித்துப் போடலாம். மூடியைத் திறந்து, கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு ஒரு கணம் நின்று, சாறு இருபுறத்திலிருந்தும் மெல்ல வந்து அதை மூடினால் பதம் சரி. உடனே மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். மூடாமலே நின்றால் இரண்டு மேசைக்கரண்டி சூடான பாலைச் சேர்த்துத் தளர்த்துங்கள். எலுமிச்சையை இந்தக் கட்டத்தில் நாலைந்து சொட்டு மட்டும் பிழிந்து, தட்டுகளில் உடனே பரிமாறிவிடுங்கள். மேசையில் கால் மணி நேரம் காத்திருந்தாலே பாஸ்தா மிச்சமுள்ள சாற்றையும் குடித்துவிடும். சாப்பிட வேண்டியவர்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்த பிறகு கிரீமை ஊற்றுவது என் வழக்கம்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் அடுத்த இரண்டு நாளைக்குத் தாங்கும். மறுநாள் எடுக்கும்போது அது டப்பாவின் வடிவத்திலேயே ஒரு கட்டியாக நிற்கும். ஆறிய கஞ்சி உறைவதைப் போன்றதுதான் இதுவும். ஒருவருக்கான பங்குக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி பால் ஊற்றி, மூடி போட்டு, மிகச் சிறிய தீயில் வைத்து, இளகத் தொடங்கிய பின்னரே கிளறி, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். முன்னதாகக் கிளறினால் பென்னே உடைந்து போகும்.