சித்திரை வெயிலில் பயிர்: எவ்வளவு நிழல், எப்போது, எந்தப் பக்கம்

பங்குனி, சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில் பல்லடம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் தட்டைப்பயறுச் செடியைக் குனிந்து பார்த்திருப்பீர்கள். காலையில் அகல விரிந்திருந்த சிற்றிலைகள் மூன்றும், மதியம் நிமிர்ந்து, விளிம்பை மட்டும் வெயிலுக்குக் காட்டியபடி நிற்கும். செடி வாடிவிட்டது என்று எண்ணி உடனே மோட்டாரைப் போடுபவர்கள் உண்டு. அதற்கு முன் ஒரு இலையை விரல்களுக்கு இடையில் பிடித்துப் பாருங்கள். இலை விறைப்பாக இருந்தால் அது வாட்டமில்லை. தேவைக்கு மேல் வரும் ஒளியைச் செடி தானாகவே ஒதுக்கிக்கொள்கிறது. துவண்டு தொங்கினால் மட்டுமே அது தண்ணீருக்கான குரல். இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகுவதுதான் வெயில் காலப் பராமரிப்பில் முதல் வேலை.

ஒளி எப்போது மிகுதியாகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். தெளிந்த வானத்து உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளி விழுகிறது. தக்காளி, வெங்காயம், மஞ்சள், பருத்தி போன்ற பயிர்களின் தனி இலை அதில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்த முடியும். மக்காச்சோளம், சோளம், கம்பு, கரும்பு ஆகியவை வேறு வகை. கரிவளியை (கரியமில வாயுவை) செறிவாக்கித் தரும் அமைப்பு அவற்றின் இலைக்குள் இருப்பதால், முழு வெயிலையும் பெரும்பாலும் வேலையாக மாற்றிக்கொள்கின்றன. ஆகவே தண்ணீர் இருக்கும்வரை சோளத்துக்கு நிழலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மிஞ்சும் ஒளியை இலை சும்மா விட்டுவைத்தால் பச்சையம் இருக்கும் இடத்திலேயே தீங்கான ஆக்சிஜன் வகைகள் உருவாகி, ஒளிச்சேர்க்கை உறுப்புகளை அரித்துவிடும். அதைத் தடுக்க, இலையிலுள்ள வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாறி, மிகுதி ஒளியை வெப்பமாக வெளியேற்ற உதவுகிறது. மாந்தளிர் செம்பு நிறத்தில் இருப்பதும், சோளத் தாளின் மேல் வெள்ளைப் பூச்சாக மெழுகு படிவதும், வாழை இலை நடுநரம்பின் இருபுறமும் ஓட்டுக் கூரைபோல மடிவதும் அதே பாதுகாப்பின் வேறு வடிவங்களே. இந்தக் காவலுக்கும் மீறி உறுப்புகள் பழுதானால், டி1 என்னும் புரதத்தைக் கழற்றிப் புதிதாகச் செய்து பொருத்தும் பணியும் நடக்கிறது. சத்தும் தண்ணீரும் குறைந்த செடியில் அந்தப் பழுதுபார்ப்பு பின்தங்கும்போதுதான் இலை வெளுத்து, விளைச்சல் சரிகிறது. அதனால் வெயிலைக் குறைப்பதைக் காட்டிலும் செடியின் வேர்ப்பக்கத்தைக் கவனிப்பதே பல நேரங்களில் முதல் மருந்து என்பது என் உறுதியான கருத்து.

நாற்றுக்கு மட்டும் இது போதாது. நிழல்வலைக் குடிலில் வளர்ந்த குழித்தட்டு நாற்றின் இலைக்கு முழு வெயில் பழக்கமே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தக்காளி நாற்றைக் காலையில் வாங்கிவந்து அன்று பகல் பத்து மணிக்கே நட்டு முடித்தேன். மூன்றாம் நாள் மேலிலைகளின் நடுப்பகுதி தாள்போல வெளுத்துக் கிடந்தது. நோய் என்று நினைத்து மருந்தும் தெளித்தேன். நோயே இல்லை, வெயில் சுட்டதுதான். இப்போது நடவுக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே தட்டுகளை வெளியே எடுத்து வைக்கிறேன். முதல் நாள் காலை எட்டு மணி வரை, பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, கடைசி இரண்டு நாள் பகல் முழுவதும் வெயில் படும்படி விடவேண்டும். அந்த நாள்களில் தண்ணீரைச் சற்றுக் குறைக்கலாம், ஆனால் தட்டிலுள்ள தென்னை நார்க்கழிவு காய்ந்துபோக விடக்கூடாது. நடவு மாலை நான்கு மணிக்கு மேல்தான். நட்டபின் ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கம் ஒரு வேப்பங்குழையோ ஆமணக்கு இலையோ குத்தி வைத்தால் நான்கைந்து நாளில் வேர் பிடித்துவிடும்.

மேற்குப் பக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரம் 11 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் 19-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடபுறமாகவே நிற்கும். தெற்கே தட்டி வைத்தவர்கள் அந்த மாதங்களில் ஏமாறுவது இதனால்தான். காலையில் ஒளி கிடைக்கிறது, காற்றும் குளிர்ச்சி, இலைத்துளை திறந்திருக்கும். பிற்பகலிலோ வெயிலும் சூடும் ஒன்றுசேர்கின்றன. ஆகவே தென்னம்பிள்ளைக்குக் கட்டும் கீற்றுத் தட்டியானாலும், வரப்பில் ஊன்றும் அகத்தியானாலும், மேற்கை மறைத்துக் கிழக்கைத் திறந்துவிடுவதே நல்லது.

கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கத்துத் தக்காளியில் இலையைவிடக் காய்தான் முதலில் சுடுபடுகிறது. நேர்வெயில் படும் காயின் தோல், காற்றின் சூட்டைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் சூடாகலாம். அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையாகி, குழிந்து, பின்னர் அழுகும். 32 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாததால் காம்படி மஞ்சளாகவே நின்று, சந்தையில் விலையும் இறங்கும். இதற்கு வழி எளிது: குச்சி நட்டுக் கட்டும்போது மாசி முதல் வைகாசி வரை மேற்குப் பக்க இலைகளைக் கிள்ளக்கூடாது, பழுத்துப்போன அடியிலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

வெயிலுக்கு முன்பே, விடியற்காலையில் சொட்டுநீர் விடுவது மதியத்தில் விடுவதைவிட மேல். மண்ணை மூடி ஈரம் காக்கும் மூடாக்கு இட வாய்ப்பிருந்தால் கரும்புச் சோகையோ தென்னை மட்டையோ இடலாம். கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் தூளை லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் வரை கரைத்துத் தெளித்தால், இலை ஒளியைத் திருப்பி அனுப்பும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும்.

மஞ்சள் காட்டில் நம் முன்னோர் ஊடே ஆமணக்கு ஊன்றியது நல்ல யோசனை. வைகாசி, ஆனியில் நடும் மஞ்சளின் இளங்குருத்துக்கு மென்நிழல் வேண்டும். கிழங்கு பருக்கும் காலத்தில் அந்த நிழலே பகையாகும் என்பதால், அதற்கு முன் ஆமணக்கின் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பின் ஊடுபயிருக்கு வேறொரு சிக்கல். கீற்று அசைய அசைய இலைமேல் வெயிலும் நிழலும் மாறிமாறி விழும். வெயிலில் பாதுகாப்பு நிலைக்குப் போன இலை, நிழல் வந்ததும் உடனே மீள்வதில்லை. பல நிமிடம் ஒளியை வீணே வெப்பமாக்கிக்கொண்டிருக்கும். இந்தத் தாமதத்தால் ஒளிச்சேர்க்கையில் 7.5 முதல் 30 சதவீதம் வரை இழப்பு நேரலாம் என்று கணித்திருக்கிறார்கள். மூன்று மரபணுக்களைக் கூட்டி இலை விரைவாக மீளும்படி செய்த புகையிலையில் உலர் எடை 14 முதல் 20 சதவீதம் வரை கூடியதை 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 2022-இல் வெளியான சோயா ஆய்வில் விளைச்சல் 33 சதவீதம் வரை உயர்ந்தது. அத்தகைய விதை நம் கைக்கு வரும்வரை, தோப்புக்குள் நிழலுக்குப் பழகிய வாழை, கோக்கோ, மிளகு போன்றவற்றையே தேர்ந்தெடுப்பது நல்லது.

நிழல்வலை போடுபவர்களுக்கு ஒன்று. காய்கறிக்கு, ஒளியில் 35 சதவீதத்தை மறைக்கும் வலை போதும். 50 சதவீத வலை நாற்றங்காலுக்கு. நிலையாகக் கட்டிய வலை, பயன்மிகுந்த காலை ஒளியையும் சேர்த்தே தின்றுவிடும் என்பதால், கம்பியில் இழுத்து மூடித் திறக்கும்படி அமைத்து, பகல் பதினொன்று முதல் நான்கு மணி வரை மட்டும் மூடுங்கள். ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் மேகமும் வரத் தொடங்கினால் வலையைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். மேகமூட்டத்தில் வலையும் சேர்ந்தால் செடி நெட்டையாக ஓடிப் பூ உதிரும்.