கிழக்கு ஜன்னலுக்கு மாறிய ஆர்க்கிட்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னலிலிருந்து 6 அடி தள்ளி வைத்திருந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், வாங்கியபோது இருந்த பூக்கள் உதிர்ந்தபின் 2 ஆண்டுகளாக மொட்டே விடவில்லை. இலைகள் கரும்பச்சையாக இருந்ததால் செடி செழிப்பாக உள்ளதென்றே நம்பியிருந்தேன். அந்தக் கரும்பச்சையே வெளிச்சக் குறைவின் அடையாளம் என்பது பிறகுதான் புரிந்தது. நண்பகலில் இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பார்த்தேன். விளிம்பு மங்கிய நிழலாவது விழவேண்டிய இடத்தில் நிழலே விழவில்லை.

தொட்டியைக் கிழக்கு ஜன்னலோரம் மாற்றினேன். திரை போடாத முதல் வாரத்திலேயே ஓர் இலையில் காசளவுக்கு வெளிறிய வெயில் தழும்பு விழுந்துவிட்டது. அது இன்றும் மறையவில்லை. அதன்பின் காலை 9 மணிக்கு மேல் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். புதிதாக வந்த இலை இளம்பச்சையாக இருந்தது. மார்கழிக் குளிரில், இலையிடுக்கிலிருந்து வேரைப் போல ஒன்று எட்டிப்பார்த்தது. உருண்ட வேர்நுனியாக இல்லாமல் தட்டையாகக் கூம்பியிருந்ததால், அது பூந்தண்டு என்று கண்டுகொண்டேன்.