சிட்னியில் வீட்டுத் தோட்டம்: வேலையைக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்

வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் வீடு எடுத்துக் குடியேறுபவர்களுக்கு வீட்டோடு ஒரு தோட்டமும் வந்து சேரும். முன்னால் புல்வெளி, பின்னால் ஒரு எலுமிச்சை மரம், வேலியோரம் கொஞ்சம் களிமண். பனி மூடுகிற ஊர் இல்லை என்பதால் ஆண்டு முழுக்க ஏதாவது வளர்ந்துகொண்டே இருக்கும். வேலையும் அப்படித்தான்.

இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். ஊர் வழக்கப்படி ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் ஒன்றும் முளைக்காது. கத்தரி, வெண்டை, புடலைக்கெல்லாம் ஐப்பசிதான் பட்டம். இன்னொன்று, குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். வடக்கு வெயில் விழுகிற சுவர் எது என்று வந்தவுடனேயே பார்த்து வையுங்கள். தொட்டிச் செடிகளுக்கு அதுதான் நல்ல இடம்.

ஜூன் வந்ததும் பலரும் பின்கதவைச் சாத்திவிட்டு, அக்டோபரில்தான் திறக்கிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த ஒரு வருஷத் தோட்டத்தைத் தீர்மானிப்பது இந்த மூன்று மாதம்தான்.

புல்வெளியில் குனிந்து பாருங்கள். நுணுக்கமாகப் பிரிந்த இலைகளோடு, தரையை ஒட்டி வட்டமாகப் படர்ந்த சின்னச் செடிகள் தெரியும். நடுவில் இலைகள் கூடும் இடத்தில் பச்சையாக ஒரு மொட்டு இருக்கும். அதுதான் பிண்டி (bindii) என்ற முள் களை. ஜூலையில் மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு கையில் வந்துவிடும். விட்டுவிட்டால், வசந்தத்தின் கடைசியில் அந்த மொட்டு காய்ந்து முள்ளாகும். ஊரில் நெருஞ்சி மிதித்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. முள் வந்த பிறகு மருந்து அடித்துப் பயனில்லை, செடி செத்தாலும் முள் அங்கேயேதான் கிடக்கும். முன்கூட்டியே மருந்து அடிப்பதானால், உங்கள் புல் பஃபலோ வகையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு லேபிளைப் படியுங்கள். சில மருந்துகள் பஃபலோ புல்லையே கருக்கிவிடும். கவுச் என்று இங்கே சொல்வது நம் அருகம்புல்தான்.

எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் இளங்கிளைகளில் கணுக்கணுவாக வீக்கம் இருந்தால், உள்ளே குளவிப் புழு இருக்கிறது. வசந்தத்தில் குளவி வெளியேறி மற்ற கிளைகளில் முட்டையிடும். அதனால் ஆகஸ்ட் முடிவதற்குள் வெட்டி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். ரோஜாவைக் கவாத்து செய்ய ஜூலை சரியான மாதம். ஆகஸ்ட் கடைசியில் எலுமிச்சைக்கு உரம் வையுங்கள், பிப்ரவரியில் இன்னொரு முறை.

அப்புறம் கறிவேப்பிலை. குளிரில் இலை மஞ்சளாகி உதிரும், சில சமயம் வெறும் குச்சிதான் மிஞ்சும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறையுங்கள், உரம் வேண்டாம். செப்டம்பர் கடைசியில் நுனிகளைக் கிள்ளிவிட்டு உரம் வைத்தால் தளிர்க்கும். ஆனால் ஊரிலிருந்து கன்றோ விதையோ எடுத்து வர நினைக்கவே வேண்டாம். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான். சிட்ரஸ் மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் தங்கும். அந்த நோய் ஆஸ்திரேலியாவில் இல்லை, இனி வரவும் கூடாது. இங்குள்ள நர்சரிகளிலேயே கன்று கிடைக்கிறது.

செப்டம்பர், அக்டோபரில் தக்காளி நடலாம். களிமண்ணில் கம்போஸ்ட்டைத் தாராளமாகக் கலந்து கிளறுங்கள். கடையில் வாங்கும் தொட்டி மண் பையை முகத்துக்கு நேராகப் பிரிக்க வேண்டாம். நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா கிருமி அதில் இருக்கக்கூடும். முகக்கவசம் போட்டு, மண்ணை ஈரப்படுத்தி, வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். கையுறை எப்போதும் வேண்டும், ஏனென்றால் தொட்டிகளுக்கு அடியில் ரெட்பேக் சிலந்தி ஒளிந்திருக்கும். பழ ஈ கிளம்பும் காலமும் இதுதான், காய் பிடித்தவுடன் வலை போட்டுவிடுங்கள்.

கோடையில் மேற்குப் பகுதி கொதிக்கும். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. கரும்புத் தோகை மூட்டைகள் கடையில் கிடைக்கும். தண்டை ஒட்டாமல், நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினால் மண்ணில் ஈரம் நிற்கும். காலை 10 மணிக்கு முன் அல்லது மாலை 4 மணிக்குப் பின் தண்ணீர் விடுங்கள். புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், வேர் காய்ந்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தை ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் காலை 8 மணிக்கு முன்னும், மற்ற நாட்களில் 7 மணிக்கு முன்னும், எந்த நாளிலும் இரவு 8 மணிக்குப் பின்னும் இயக்கக்கூடாது.

மார்ச் முதல் மே வரை கொத்தமல்லி, வெந்தயக் கீரை நன்றாக வரும். கோடையில் விதைத்தால் இலை விடும் முன்பே பூத்துவிடும். பூண்டை ஏப்ரலில் நடுங்கள்.

வாடகை வீடு என்றால், புல் வெட்டுவதும் களை எடுப்பதும் பொதுவாக உங்கள் பொறுப்பு. குடிபுகும்போது தரும் நிலவர அறிக்கையில் தோட்டத்தின் நிலையையும் எழுதி, படம் எடுத்து, 7 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மரத்தை வெட்ட வேண்டுமானால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது. அனுமதி தேவையா என்று கவுன்சிலிலும் கேட்ட பிறகே கை வையுங்கள்.