குசினிச் சாமான்களை அரூபப் படமாக எடுப்பது எப்படி?

பொருள் எதுவென்று தெரியாமல் கோடும் நிழலும் நிறமும் மட்டும் தெரிவதுதான் அரூபப் படம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினிக்கு ஒரேயொரு யன்னல், அதுவும் கடல் பக்கம். நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் அந்த யன்னலடியில் எடுத்தவைதான். பெரிய கமரா வேண்டாம், கையிலிருக்கும் ஃபோன் போதும்.

முதலில் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். கடற்காற்றின் உப்பும் விரல் எண்ணெயும் படிந்திருந்தால் படம் முழுக்கப் புகைமூட்டமாகிவிடும்.

அடுத்தது வெளிச்சம். கொழும்பில் நண்பகல் வெயில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். காலையிலோ பின்னேரம் 4 மணிக்குப் பிறகோ யன்னலால் சரிந்து வரும் வெளிச்சம்தான் வேண்டும். இடியப்பத் தட்டை அதில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பின்னலுக்கும் தனி நிழல் விழும். ஃபிளாஷ் போட்டால் அந்த நிழல் செத்துவிடும்.

சரி, எவ்வளவு கிட்டப் போகலாம்? பல ஃபோன்களில் 10 சென்ரிமீற்றருக்கு உள்ளே போனால் படம் மங்கிவிடும். கொஞ்சம் பின்னுக்கு வந்து 2 மடங்கு ஸூம் பண்ணுங்கள். பொருளின் விளிம்பு படத்துக்குள் வரவே கூடாது. விளிம்பு தெரிந்தால் கண் உடனே ‘தட்டு’ என்று சொல்லிவிடும், கோடுகளைப் பார்க்காது. 1916இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் போல் ஸ்ட்ராண்ட் சாதாரணக் குசினிக் கிண்ணங்களை நெருங்கி எடுத்தபோது வளைவும் நிழலும்தான் மிஞ்சின.

எனக்கு மிகவும் பிடித்தது எண்ணெய்ப் படம். மூன்று தேநீர்க் கோப்பைகளின் மேல் தட்டையான கண்ணாடிப் பாத்திரமொன்றை வைத்து, இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் பூப்போட்ட சேலையொன்றை விரியுங்கள். நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கரண்டி நுனியால் மெல்லக் கலக்குங்கள். பெரிதும் சின்னதுமாக வட்டங்கள் மிதக்கும், சேலையின் சிவப்பும் பச்சையும் அவற்றுக்குள் வளைந்து தெரியும். திரையில் ஒரு வட்டத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல ஃபோன்களில் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பாத்திரம் உயரத்தில் இருப்பதால் சேலை மங்கி வெறும் நிறமாகக் கரைந்துவிடும்.

ஃபோனைத் தண்ணீருக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். இவ்வளவு கிட்டத்தில் தெளிவாக விழுவது சில மில்லிமீற்றர் ஆழம்தான். சரித்தால் பாதிப் படம் மங்கும். ஃபானையும் நிறுத்திவிடுங்கள். கரையோர ரயில் போகும்போது தண்ணீர் நடுங்கும், அது அடங்கும் வரை நான் பொறுத்திருப்பேன்.

முப்பது நாற்பது படமாவது எடுங்கள். பிறகு வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். உடனே பொருளின் பெயரைச் சொன்னால் இன்னும் கிட்டப் போக வேண்டும். போன கிழமை தேங்காய் திருவலையின் பல்லைக் காட்டினேன். அம்மம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது எந்த ஊர்ப் பூ பிள்ளை?” என்று கேட்டார்.