ஊர் ஏன் சலிக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஊர் சின்னது என்பதால் மட்டும் சலிப்பு வருவதில்லை. குடியேறும் முன், வார நாளில் இரவு 8 மணிக்கு அங்கே நடந்து பாருங்கள். நான் முதலில் தேடுவது, அதிகம் செலவில்லாமல் உட்கார்ந்து பேச ஓர் இடம். வீடும் வேலையிடமும் அல்லாத இப்படிப்பட்ட பொது இடத்தைத்தான் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் ‘மூன்றாம் இடம்’ என்றார். நூலகமோ பூங்காவோ, எதுவானாலும் சரி. தெரிந்த முகங்கள் தற்செயலாகக் கண்ணில் பட வேண்டும்.

கடைசிப் பேருந்து நேரத்தையும் கேளுங்கள். அது சீக்கிரம் போய்விட்டால், வண்டி இல்லாத இளைஞர்கள் மாலையில் வீட்டிலேயே முடங்குவார்கள்.

ஏற்கெனவே அங்கே வசிப்பவரா? வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடத்துக்குப் போங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் யாரும் பழக்கமாக மாட்டார்கள். அப்புறம், சதுரங்கப் பலகை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வேடிக்கை பார்க்க நிற்பவரை ஆட அழையுங்கள்.