பழுதுநீக்க மரபணுவும் கதிர்வீச்சும்: அறிக்கையைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மரபணுப் பரிசோதனை அறிக்கையில் ‘டி.என்.ஏ. பழுதுநீக்க மரபணுவில் மாறுபாடு’ என்ற வரியைப் பார்த்தவுடன், கதிர்வீச்சுச் சிகிச்சையே வேண்டாம் என்று பின்வாங்குகிறவர்கள் உண்டு. புற்றுநோயைக் குணமாக்கக்கூடிய சிகிச்சையை அரைகுறைப் புரிதலால் ஒருவர் கைவிடுவது வேதனையானது. எல்லா மாறுபாடுகளையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

டி.என்.ஏ. இரண்டு இழைகளால் ஆனது. அது அறுந்தால் சரிசெய்யும் புரதங்களை உருவாக்குபவையே பழுதுநீக்க மரபணுக்கள். செல்லுக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வழக்கமான முறையில் நாளொன்றுக்கு 2 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கதிர்வீச்சு செலுத்துவார்கள். 1 கிரே கதிர்வீச்சே ஒரு செல்லில் சுமார் 1,000 ஒற்றை இழை முறிவுகளையும் 40 இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்கும். ஒரு இழை மட்டும் அறுந்தால் எதிர் இழையை வைத்துச் சரிசெய்துவிடலாம். இரண்டும் அறுந்தால்தான் சிக்கல். ஏ.டி.எம். என்ற புரதம் செயல்பட்டு அபாய அறிவிப்பு கொடுக்க, செல் பிரிவது நிறுத்தி வைக்கப்படுகிறது. கூ (Ku) என்ற புரதம் அறுந்த முனைகளைப் பற்றிக்கொள்கிறது. லைகேஸ்-4 நொதி அவற்றை ஒட்டுகிறது. மறுநாள் சிகிச்சைக்குள் நல்ல செல்கள் பெருமளவு தேறிவிடும். சிகிச்சையைப் பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் புரதங்களில் ஒன்று அடியோடு செயலிழந்தால் விளைவு கடுமையாகவே இருக்கும். ஏ.டி.எம். மரபணுவின் இரண்டு பிரதிகளும் (தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று) பழுதானவர்களுக்கு அட்டாக்சியா டெலாஞ்செக்டேசியா என்ற அரிய நோய் வருகிறது. வழக்கமான அளவில் கதிர்வீச்சு கொடுத்தால் அவர்கள் உயிருக்கே ஆபத்து என்பது 1960களிலேயே தெரிந்துவிட்டது. காரணமான மரபணு அடையாளம் காணப்பட்டது 1995இல். லைகேஸ்-4 குறைபாடும் நைமேகன் முறிவு நோயும் இதே வகையைச் சேர்ந்தவை.

இந்த அச்சத்தை ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் மீதும் ஏற்றுவது அடுத்த தவறு. ஏ.டி.எம். மரபணுவில் அப்படிப்பட்டவர்கள் நூறு முதல் இருநூறு பேருக்கு ஒருவர் வீதம் இருக்கிறார்கள். அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் நல்ல நிலையிலுள்ள மற்றொரு பிரதி வேலை செய்துகொண்டிருக்கிறது. தேவையான கதிர்வீச்சுச் சிகிச்சையை இந்த ஒரு காரணத்துக்காக மறுக்க வேண்டியதில்லை. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணு மாறுபாடு உள்ளவர்களிடமும் திசுப் பாதிப்பு மற்றவர்களைவிடப் பெரிதாகக் கூடுவதாக ஆய்வுகள் பொதுவாகக் காட்டவில்லை.

மக்களிடையே பரவலாக உள்ள ஓரெழுத்து மாறுபாடுகளை (டி.என்.ஏ. வரிசையில் ஓரெழுத்து மட்டும் மாறியிருப்பவை) வைத்து ‘உங்கள் உடல் கதிர்வீச்சைத் தாங்காது’ என்று சொல்லும் பரிசோதனைகளைக் கண்டு கலங்க வேண்டாம். எக்ஸ்.ஆர்.சி.சி.1 போன்ற மரபணுக்களைப் பற்றிச் சிறு ஆய்வுகள் பல கூற்றுகளை முன்வைத்திருந்தன. 2012இல் 92 மாறுபாடுகளை 1,613 நோயாளிகளிடம் சரிபார்த்தபோது, கதிர்வீச்சின் பக்கவிளைவோடு முன்பு சொல்லப்பட்ட தொடர்புகளில் ஒன்றுகூட உறுதிப்படவில்லை. 2016இல் 5,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஏ.டி.எம். மரபணுவின் ஒரு மாறுபாட்டுக்கு மட்டும் சிறிய தொடர்பு தென்பட்டது. ஒருவருக்குச் சிகிச்சையை மாற்றி எழுத அது போதாது. கதிர்வீச்சின் அளவு, அது படும் பரப்பு, புகைப்பழக்கம் ஆகியவை பக்கவிளைவில் கண்கூடாகப் பங்கு வகிக்கின்றன. அறிக்கையில் ‘பொருள் உறுதிப்படாத மாறுபாடு’ என்று இருந்தால், அதை நோய் என்றும் நோயில்லை என்றும் படிக்கக் கூடாது.

சூரியனின் புற ஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் ஒன்றாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஜெரோடெர்மா பிக்மெண்டோசம் என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு வெயில் கொடிய எதிரி. எக்ஸ் கதிரை அவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே தாங்குகிறார்கள். பழுதுநீக்கும் வழி வேறு என்பதே காரணம்.

கட்டியிலிருந்து எடுத்த மாதிரியின் அறிக்கையும், பிறவியிலேயே வந்த மாறுபாட்டைத் தேடும் இரத்த அறிக்கையும் ஒன்றல்ல. கட்டியில் மட்டும் உள்ள பழுது நல்ல திசுவின் தாங்குதிறனைப் பற்றி எதுவும் சொல்லாது. புற்றுநோயைத் தடுக்க உதவும் டி.பி.53 மரபணுவில் பிறவியிலேயே பழுது இருப்பவர்களுக்கோ கவலை வேறு: கதிர்வீச்சு பட்ட இடத்தில் ஆண்டுகள் கழித்து இன்னொரு புற்றுநோய் வரலாம். ஆகவே மாற்றுச் சிகிச்சை சமமாகப் பலன் தருமானால் மருத்துவர்கள் அதையே விரும்புவார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது: உண்மையான எச்சரிக்கை அறிகுறிகளைச் சொல்லாமல் விடுவது. அதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. சிறு வயதிலிருந்தே தள்ளாடி நடக்கும் குழந்தை, கண்ணின் வெண்பகுதியில் விரிந்து தெரியும் இரத்த நாளங்கள், ஓயாத நோய்த்தொற்று, நெருங்கிய உறவில் இத்தகைய நோய் ஆகியவற்றைச் சிகிச்சைக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அட்டாக்சியா டெலாஞ்செக்டேசியா உறுதியான குழந்தைக்கு முடிந்தவரை அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். அதே குழந்தைக்கு எலும்பு முறிந்து எக்ஸ்ரே தேவைப்பட்டால், தயங்காமல் எடுத்துவிட வேண்டும்.