ஜியோகேச்சிங்: உங்கள் முதல் டப்பாவைத் தேடிப் போவது எப்படி?

யாரோ ஒருவர் பூங்காவிலோ காட்டுப் பாதையிலோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுகிறார். நாம் ஜிபிஎஸ் துணையோடு போய்த் தேடி, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறோம். இந்த விளையாட்டுக்குப் பெயர் ஜியோகேச்சிங், அந்த டப்பாவுக்குப் பெயர் கேச். உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கு மேல் இருக்கின்றன.

இதற்கு வழி திறந்த நாள் 2000 மே 2. அதுவரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. நூறு மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். அன்று அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்து வைத்து இடத்தை இணையத்தில் அறிவித்தார். புத்தகம், கவண், பீன்ஸ் டின் என்று பலதும் அதற்குள் இருந்தன. சில நாட்களிலேயே மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

படி 1: கணக்கு

ஜியோகேச்சிங் ஆப்பை இறக்கி இலவசக் கணக்கு தொடங்குங்கள். புனைபெயர் சின்னதாக இருக்கட்டும். சில கேச்கள் விரல் நுனி அளவுதான், அவற்றிலுள்ள தாளில் நீளமான பெயருக்கு இடமிருக்காது.

படி 2: சரியான கேச்சைத் தேர்ந்தெடுப்பது

முதல் நாள் ஏமாற்றத்தில் முடியாமலிருக்க இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு கேச்சுக்கும் 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ஒன்று, தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு. மற்றொன்று, பாதை எவ்வளவு கடினம் என்பதற்கு. பாதை 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம். 5 என்றால் படகோ மலையேறும் கயிறோ தேவைப்படலாம். இரண்டிலும் 1 அல்லது 1.5 உள்ளதை எடுங்கள். வகை 'டிரடிஷனல்' (குறித்த இடத்திலேயே டப்பா இருக்கும் எளிய வகை), அளவு 'ஸ்மால்' அல்லது 'ரெகுலர்' என்று இருக்கட்டும். 'மைக்ரோ' என்கிற மிகச் சிறிய அளவு வேண்டாம்.

பிறகு, கடைசியாகப் போனவர்களின் குறிப்புகளைப் படியுங்கள். போன வாரம் யாராவது கண்டுபிடித்திருந்தால் டப்பா அநேகமாக அங்கேதான் இருக்கும். வரிசையாக நாலைந்து பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் தொலைந்திருக்கலாம், வேறு பாருங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் குறைவு, வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 3: எடுத்துப்போக வேண்டியவை

பேனா. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். தண்ணீர், நல்ல செருப்போ ஷூவோ, பவர் பேங்க். சுருட்டிய தாளை உருவ ஒரு சிறு இடுக்கி இருந்தால் நல்லது.

படி 4: கடைசிப் பத்து மீட்டர்

ஆப்பிலுள்ள அம்புக்குறி நேர்கோட்டில்தான் காட்டும், நடுவில் ஓடையோ வேலியோ இருப்பது அதற்குத் தெரியாது. பாதையை விட்டு இறங்காமல் சுற்றிப் போங்கள்.

பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைப் பைக்குள் போடுங்கள். ஒளித்தவர் குறித்த இடத்திலேயே சில மீட்டர் பிழை இருக்கும், உங்கள் போனிலும் சில மீட்டர் இருக்கும். மரங்கள் அடர்ந்திருந்தால் இன்னும் கூடும். அம்பு சுற்றுகிற பக்கமெல்லாம் நீங்களும் சுற்றினால் பொழுதுதான் போகும். இனி வேலை கண்ணுக்கு. 'நானாக இருந்தால் இங்கே எங்கே ஒளிப்பேன்?' என்று கேளுங்கள். மரப் பொந்து, பெஞ்சின் அடிப்பக்கம், வேர்களுக்கு நடுவே இயல்பில்லாமல் குவிந்த சுள்ளிகள், இரும்புக் கம்பியில் ஒட்டிய காந்தப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எனக்கு இந்த விளையாட்டின் உயிரே இந்த நிமிடங்கள்தான். தினமும் கடந்து போகிற மரத்தை அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறோம்.

பொந்துக்குள் வெறுங்கையை விடாதீர்கள். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், குச்சியால் தட்டுங்கள். எதையும் தோண்டவோ உடைக்கவோ வேண்டாம், நிலத்துக்குரியவரின் அனுமதியில்லாமல் கேச்சைப் புதைத்து வைக்க விதி இடம் தருவதில்லை. ஆட்கள் இருந்தால் அவர்கள் நகரும்வரை பொறுங்கள். காவலாளி கேட்டால் மறைக்காமல் ஆப்பைக் காட்டி விளக்குங்கள்.

படி 5: கிடைத்ததும்

தாளில் பெயரும் தேதியும் எழுதுங்கள். பெரிய டப்பாவில் சாவிக்கொத்து, பொம்மை போன்றவை இருக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ளதோ கூடுதலானதோ வையுங்கள். தின்பண்டம் மட்டும் வைக்காதீர்கள், எலியும் எறும்பும் டப்பாவை வீணாக்கிவிடும். எண் பொறித்த உலோகத் தகடு இருந்தால் அது டிராவல் பக். எடுத்தால் வேறொரு கேச்சில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மூடியை இறுக்கி, எப்படி மறைந்திருந்ததோ அப்படியே மறையுங்கள்.

படி 6: பதிவு

வீட்டுக்கு வந்து ஆப்பில் பதியுங்கள். ஒளித்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் படமோ வரியோ வேண்டாம். கிடைக்காவிட்டாலும் 'கிடைக்கவில்லை' என்றே பதியுங்கள். அதைப் பார்த்துத்தான் வைத்தவர் வந்து சரிபார்ப்பார்.

நீங்களே ஒளித்து வைக்க அவசரப்பட வேண்டாம். பல வகைகளைக் கண்டுபிடித்த பிறகு செய்யுங்கள். நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும், பக்கத்து கேச்சிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அவ்வப்போது போய்ப் பராமரிக்கவும் வேண்டும். அதனால் நடந்து போகிற தூரத்தில் ஓர் இடத்தைப் பாருங்கள்.